ஆசிரியரின் ஓய்வுப் பொழுது

உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு வேலை காலை மணியோசையில் தொடங்கி மாலை மணியோசையில் முடிந்துவிடுகின்றது என்று எண்ணுவார் பலர். மாணவர்களே, நீங்களும் அவ்வாறே எண்ணியிருத்தல் கூடும். ஒரு சிறு கணக்குச் செய்து பாருங்கள். தமிழாசிரியர் ஒருவரிடம் மூன்று வகுப்புகள் உள்ளன. வகுப்பிற்கு நாற்பது பேர். எல்லாரும் கட்டுரை எழுதி வைத்தால் அவர் மேசைமேல் 120 ஏடுகள் ஏறும். ஓர் ஏட்டைத் திருத்த நான்கு நிமிடம் என்று கொண்டாலும் முழுமையாக எட்டு மணி நேரம் ஆகும். லகர ளகர வேறுபாடு அறியாதான் ஏடாயின் நான்கு நிமிடம் போதாது. இதனோடு மறுநாட் பாடத்திற்குக் குறிப்பெழுதுதல், வினாத்தாள் அமைத்தல், மதிப்பெண் பட்டியல் நிரப்புதல் ஆகியனவும் உண்டு. இவையெல்லாம் முடிந்தபின் அவர்க்கென எஞ்சுவது ஒரு மணியோ ஒன்றரை மணியோதான்.

அந்தச் சிறுபொழுதிற் பாட்டுப் புனைவாரும், ஓவியம் தீட்டுவாரும், கல்வெட்டுப் படிப்பாரும், வீணை பயில்வாரும் எம் தொழிலில் என்றும் இருந்து வருகின்றனர். அவரைப் பற்றிய குறைமொழி ஒன்றும் உண்டு. 'பாட்டெழுதும் வாத்தியார் பாடத்திற் கோட்டை விடுவார்' என்பர். யான் பணியாற்றிய நாள்களில் ஆசிரியர் அறையில் இதனைப் பன்முறை கேட்டிருக்கின்றேன். இதனை வெறும் பொறாமை மொழி என்று தள்ளிவிடலாகாது. பிள்ளைகளுக்குரிய பொழுதைக் கவர்ந்து பாட்டுக்குக் கொடுத்தால், அப்பாட்டு எத்துணை இனிதாயினும் அது கடன்பட்ட பாட்டேயாம். ஆயின், கலை பாடத்தைக் கெடுத்தே தீருமோ? இதனை அறிய, உயர்நிலைப் பள்ளி ஆசிரியராயிருந்த ஒருவரது வாழ்க்கையை எடுத்துப் பார்ப்போம்.

பெரியசாமித் தூரன் 1908ஆம் ஆண்டு, ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்கு அண்மையிலுள்ள மஞ்சக்காட்டு வலசு என்னும் சிற்றூரிற் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்தபோது, 1931 மார்ச்சுத் திங்களிற் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். அச்செய்தி கேட்டு உள்ளம் நொந்த தூரன் பட்டத் தேர்வை எழுதாமலே வெளியேறினார். பின்னர் ஆசிரியப் பணியை மேற்கொண்டு கோபிச்செட்டிபாளையத்திலும், அதன்பின் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் இராமகிருட்டிண வித்தியாலயத்திலும் பணியாற்றினார். வித்தியாலயம் குருகுல முறையில் அமைந்தது. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்திலேயே உறைவர். அத்தகைய பள்ளியில் மாலை மணி அடித்தாலும் ஆசிரியர்க்கு விடுதலை இல்லை. ஒரு பையனுக்குக் காய்ச்சல் வரும். மற்றொருவன் வீட்டை நினைந்து அழுவான். அவரே அங்குத் தலைமையாசிரியராகவும் விளங்கினார்.

இத்தகையவர் நூற்றுக்கணக்கான இசைப்பாடல்களை இயற்றினார் என்றால் நமக்கு வியப்பு உண்டாகின்றது. சுத்த சாவேரி இராகத்தில் அம்மையை வேண்டும் பாடலும், மாண்டு இராகத்திற் கண்ணனை அழைக்கும் பாடலும் இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன. இசைப்பாடல் புனைவது செய்யுள் இயற்றுவதினும் அரிது. எதுகையும் மோனையும் அமைந்தால் மட்டும் போதாது. அவை தாளத்தின் தட்டோடு பொருந்தி விழவேண்டும். இசை நீளும் இடத்தில் நெட்டெழுத்து நிற்றல் வேண்டும். அவ்விடத்தில் 'பட்டு', 'கற்று' என்றாற் போல வல்லின ஒற்று வந்தால் பாடுவோர் குரல் முட்டி நின்றுவிடும். 'ஆ' என்றும் 'ஏ' என்றும் வாய் திறந்து பாடிப் பாருங்கள். வேற்றுமை உடனே புலனாகும். பல்லவியிற் சொல்லிய கருத்தை அனுபல்லவி சற்றே உயர்த்த, சரணம் அதனை விரித்துக்காட்டி மீளவும் பல்லவியிற் கொண்டுவந்து சேர்க்கும். எளிய சொற்களால் இத்தனையும் செய்வதே தூரன் பாடல்களின் அழகு. அகராதியைத் தேடி ஓடவைக்கும் சொல் அவற்றில் அரிது. வகுப்பறையிற் பல ஆண்டு நின்றவர்க்குச் சொல் எளிதாதல் இயல்பே என்பது என் கருத்து.

நாட்டுப்புறப் பாடல்களிலும் அவர் மனம் தோய்ந்தது. களையெடுப்பாரும் கும்மியடிப்பாரும் தாலாட்டுவாரும் பாடியவற்றின் சுவையை எடுத்துக்காட்டி, 'காற்றில் வந்த கவிதை' என்னும் நூலை எழுதினார். பழைய சுதேசமித்திரன் இதழ்களிற் புதைந்து கிடந்த பாரதியாரின் எழுத்துகளைத் தேடித் திரட்டினார். அவை 1953இற் 'பாரதி தமிழ்' என்று வெளிவந்தன. படியெடுக்கும் பொறிகள் நம் ஊர்களில் இல்லாத காலம் அது. தொட்டால் ஒடியும் தாள்களைப் புரட்டி, வேண்டுவதைக் கையாலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இவற்றினும் நம் வினாவிற்கு நேரே விடை தருவன அவருடைய உளநூல்கள். 'குழந்தை உள்ளம்', 'தாழ்வு மனப்பான்மை' என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே அவை எங்கே விளைந்தவை என்பது தோன்றும். கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் பையனை நாள்தோறும் கண்டவரன்றோ அத்தகைய நூலை எழுத முற்படுவார்! எழுத்துப் பணி பாடத்தைத் திருடியது என்று இங்கே சொல்ல இயலாது. வகுப்பு அவருக்கு நூல் கொடுத்தது. அந்நூலோ பிற ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பிள்ளைகளை அறியும் கண்ணைக் கொடுத்தது.

வித்தியாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் சென்னை மாகாணத்தின் கல்வியமைச்சராயிருந்த நாளில், 1946இல், தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. பல்துறை அறிவையும் அகர வரிசையில் தமிழிலேயே தரும் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட அக்கழகம் துணிந்தது. அதன் தலைமைப் பதிப்பாசிரியராகத் தூரன் 1948இல் அமர்ந்தார். பள்ளியை விட்டுப் பிரிந்தது அவர்க்கு எளிதாயிருந்திராது. முதல் தொகுதி 1954இலும், பத்தாவதாகிய இறுதித் தொகுதி 1968இலும் வெளிவந்தன. இயற்பியல் அறிஞர் ஒருவர் எழுதி அனுப்புவதைத் தமிழ் மட்டுமே அறிந்த உழவரும் விளங்கிக்கொள்ளுமாறு செப்பஞ்செய்தல் வேண்டும். கலைச்சொல் இல்லாவிடத்து ஆக்கல் வேண்டும். ஒரே பொருட்கு இரு தொகுதிகளில் இரு சொல் வாராமலும் காத்தல் வேண்டும். கட்டுரை ஏடுகளைத் திருத்திப் பழகிய கைக்கு இது முற்றிலும் புதிய தொழிலன்று. ஏடுகளின் அளவுதான் பெருகியது! 1968இல் இந்திய அரசு அவர்க்குப் பத்மபூசண் விருதளித்தது.

பெரியோர்க்குரிய களஞ்சியம் முடிந்த அதே ஆண்டில், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் வெளிவந்தது. அறுபது வயதை எட்டியவர், பள்ளிப் பிள்ளைகளுக்கென மீண்டும் அகரத்திலிருந்து தொடங்கினார். படங்களோடு கூடிய அதன் பத்துத் தொகுதிகளும் 1976இல் நிறைவெய்தின. உங்கள் பள்ளி நூலகத்தில் அவற்றுள் ஒன்று இருப்பின், கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.