ஆசை விட்டுப்போன பூப்பந்து

நம்பிக்கைகளும் உண்மைகளும்

என் தம்பி மகளுக்கு 14 வயது. ஒன்பது வயதில் பூப்பந்து மட்டையைப் பிடித்தவள். மாசாயில் வீடு, வாரத்துக்கு ஐந்து மாலை வாடகை மண்டபத்தில் பயிற்சி. மட்டையின் பிடித்துணியை அவளேதான் சுற்றுவாள். அடியில் தொடங்கி மேலே வரும்வரை ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மேல் ஒரே அளவு ஏறியிருக்க வேண்டும். அப்பா சுற்றிக் கொடுத்தால் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடியும் சுற்றுவாள். போன வருடம் நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தத் துணி நைந்து, ஓரம் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே பைக்குள் செருகி ஜிப்பை இழுத்து மூடினாள். "அத்த, எனக்கு ஆச விட்டுப்போச்சு" என்று அவள் வாய்திறந்து சொன்னது அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான்.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம். "சோம்பேறித்தனம்க்கா, ஹேண்ட்போன் வாங்கிக் குடுத்ததுதான் தப்பு" என்றான் தம்பி. மெய்யான ஆசை இருந்தால் இப்படிப் பாதியில் போகாது என்றார் பயிற்றுநர். அம்மா, கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். மூவரும் அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனாலும் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி தவறு. ஜொகூரில் பிள்ளையை விளையாட்டில் விட்டிருக்கும் பல தமிழ் வீடுகளில் இதே பேச்சைக் கேட்கிறேன். அதனால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

நம்பிக்கை: ஆர்வம் குறைந்துவிட்டதா, அது சோம்பல்தான்.

நாலைந்து வருடம் பள்ளிச் சீருடையைக் கழற்றிய கையோடு பயிற்சிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிய பிள்ளைக்கு ஒரே மாதத்தில் சோம்பல் எங்கிருந்து வரும்? முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிய பயிற்சியும் போதாத ஓய்வும் சேர்ந்தால் தூக்கம் கெடும், சளி அடிக்கடி பிடிக்கும், எவ்வளவு முயன்றாலும் ஆட்டம் இறங்கிக்கொண்டே போகும், எதிலும் மனம் ஒட்டாது. மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு சகஜம். அதோடு எடை கூடிவிடுமே என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஆடினால், உடம்பு தன் அத்தியாவசிய வேலைகளுக்கே சத்து இல்லாமல் திணறும். 2014-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு இதைத் தனிப் பிரச்சினையாகவே பெயரிட்டு எச்சரித்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை எல்லாமே "மூட் இல்லை" என்ற ஒரே முகத்தோடுதான் தெரியும்.

பூப்பந்திலேயே நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருக்கிறது. கோ ஜின் வெய் 2015, 2018 என இரண்டு முறை உலக இளையோர் பட்டம் வென்றவர். 2018 இளையோர் ஒலிம்பிக்கில் தங்கம். 2021-இல், 21 வயதில், உடல்நலத்தைக் காரணம் சொல்லி தேசிய அணியிலிருந்து விலகினார். பெருங்குடலை அகற்றும் அளவுக்கு நோய் முற்றி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். ஓய்ந்து, தேறி, 2022-இல் திரும்பவும் களத்துக்கு வந்தார். ஒருவர் ஏன் தளர்ந்து நிற்கிறார் என்பதை மண்டபத்தின் பெஞ்சில் உட்கார்ந்தபடி கணிக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் மருமகளைக் கிளினிக்குக்கு அழைத்துப்போய் இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், கால் கனம் குறைந்தது. ஆசை மட்டும் திரும்பவில்லை. உடம்போடு முடிகிற விஷயமாக இருந்தால் இந்தக் கட்டுரையும் இங்கேயே முடிந்திருக்கும்.

தாமஸ் ரேடக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், போட்டி நீச்சலில் இருந்த 236 பதின்ம வயதினரிடம் விளையாட்டில் ஏற்படும் சோர்வைப் பற்றிக் கேட்டறிந்தார். அவர் வழிவந்த ஆய்வுகள் இந்தச் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கின்றன: உடம்பும் மனமும் ஓய்ந்துபோவது, எவ்வளவு செய்தாலும் முன்னேறவில்லை என்ற எண்ணம், "இதெல்லாம் எதுக்கு?" என்று அந்த ஆட்டத்தின் மதிப்பே மனத்தில் சரிவது. மிக மோசமாகச் சோர்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? விரும்பி நீந்தியவர்கள் அல்லர். இவ்வளவு செலவு செய்தாகிவிட்டது, எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள், இனி விட முடியாது என்று மாட்டிக்கொண்டதாக உணர்ந்தவர்கள். ஆசை போன பிறகும் கடமைக்காகத் தொடர்ந்து ஓடுபவரை யாராவது சோம்பேறி என்பார்களா?

நம்பிக்கை: எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு இருந்த வெறி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை.

இதைச் சொல்பவர்களில் பலர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். நானும் கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள்தான். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில் திடல். பால்மரக் காட்டிலிருந்து வந்து குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு அண்ணன்மார் நாலரை மணிக்கெல்லாம் இறங்கிவிடுவார்கள். பந்து ஒன்றுதான், ஆட்கள் முப்பது பேர். சிறிய பையன்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் காத்திருப்பார்கள். வெளியே போகும் பந்தை எடுத்து உதைப்பதே அவர்களுக்குப் பெரிய பதவி. அதே பையன் மறுவருடம் உள்ளே நிற்பான். இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆட்டம். கூப்பிடும் அம்மாக்களின் குரல்தான் விசில்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்த கோட்பாடு ஒன்று உண்டு. தானாக விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, நாளுக்கு நாள் கை தேறுகிறது என்ற உணர்வு, நம்மவர்களோடு இருக்கிறேன் என்ற உணர்வு, இந்த மூன்றும் கிடைக்கும் இடத்தில் உள்ளிருந்து வரும் ஆர்வம் நிலைக்கும்; இவை தடைபடும் இடத்தில் வாடும். இதைப் படித்தபோது எனக்கு அந்தத் திடல்தான் கண்முன் வந்தது. யாரும் வா என்று இழுக்கவில்லை. கம்பத்துக்குப் பின்னாலிருந்து உள்ளே போனது ஊருக்கே தெரிந்த முன்னேற்றம். கூட இருந்தவர்கள் எல்லாரும் லயத்துப் பிள்ளைகள். மூன்றும் காசு இல்லாமல் கிடைத்தன.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வந்தது. 2006-இல் இஸ்கந்தர் மலேசியா திட்டம் தொடங்கிய பிறகு ஜொகூரின் தென்பகுதியில் இது இன்னும் வேகம் பிடித்தது. தோட்டக் குடும்பங்கள் மாசாய், ஸ்கூடாய், உலு திராம் என்று பிரிந்து அடுக்குமாடிகளுக்குப் போயின. திடல் கூடவே வரவில்லை. இப்போது பந்து உதைக்க வேண்டுமானால் ஃபுட்சால் மைதானத்தை மணிக்கணக்குக்கு வாடகை எடுக்க வேண்டும். பத்துப் பேர் காசு போட வேண்டும். கொண்டுபோய் விட்டு அழைத்துவர ஒருவர் வேண்டும். கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் சிறுவனுக்கு அங்கே இடமே கிடையாது.

ஆசை வற்றிவிட்டது என்றால் இஸ்கந்தர் புத்ரியில் 2020-இல் திறந்த சுல்தான் இப்ராஹிம் அரங்குக்குப் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 40,000 பேர் உட்காரலாம். ஜொகூரின் ஜே.டி.டி. காற்பந்து அணி ஆடும் இரவில் சிவப்பும் நீலமும் உடுத்தி வரும் கூட்டத்தில் நம் பையன்கள் எத்தனை பேர்! 2014-இல் தொடங்கி 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டம் வென்ற அணி. அந்தப் பையன்களின் தொண்டையில் இருக்கும் வெறி அண்ணன்மார் காலில் இருந்த அதே வெறிதான். அதைக் காலுக்கு இறக்க அவர்களுக்குத் திடல் இல்லை. ஹேண்ட்போனைத் திட்டுவதற்கு முன்னால், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பையனுக்கு ஒரு புல்தரை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை: பரிசு கொடுத்தால் ஆசை கூடும்.

எல்லா நேரமும் அப்படி இல்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைப் பிரித்தார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அந்தச் சரிவு இல்லை. பிடித்ததைப் பேரமாக்கினால் பிடிப்பு தளர்கிறது. "மாவட்ட அளவில் ஜெயிச்சா புது மட்டை" என்று சொல்லும்போது நாம் செய்வது அந்தப் பேரத்தைத்தான். வென்று வந்தவளை எதிர்பாராத நேரத்தில் ரொட்டி சானாய்க் கடைக்கு அழைத்துப் போவது வேறு.

நம்பிக்கை: சின்ன வயதிலேயே ஒரே ஆட்டத்தில் இறக்கிவிட்டால்தான் மேலே வரலாம்.

சீருடற்பயிற்சி போன்ற சில துறைகள் விலக்கு. மற்றபடி, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது நல்லது என்கிறது. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த ஆட்டத்தையே தொடாமல் இருப்பது என்றும் சொல்கிறது. என் தம்பி மகள் ஒன்பது வயதிலிருந்து அப்படி ஒரு மாதம்கூட விட்டிருக்கவில்லை.

நம்பிக்கை: ஒருமுறை விட்டால் அவ்வளவுதான்.

ஆஷ்லி பார்ட்டி 15 வயதில், 2011-இல், விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 2014-இல், 18 வயதில், டென்னிஸே வேண்டாம் என்று ஒதுங்கினார். 2015-16 பருவத்தில் பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். தனியாக ஊர் ஊராகப் பறந்துகொண்டிருந்த பெண்ணுக்கு அங்கே தோள்மேல் கைபோட ஓர் அணி கிடைத்தது. 2016-இல் தானாகவே டென்னிஸுக்குத் திரும்பினார். 2019-இல் பிரெஞ்சு ஓபன், 2021-இல் விம்பிள்டன், 2022 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஓபன். அதே 2022 மார்ச்சில், உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருந்தபோதே, 25 வயதில் ஓய்வும் அறிவித்தார். விட்டதும் அவர் முடிவு, வந்ததும் அவர் முடிவு, மறுபடி விட்டதும் அவர் முடிவு. அதற்காக, ஓய்வு கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் பட்டத்தோடு திரும்பி வருவார்கள் என்று கணக்குப் போடவும் கூடாது. திரும்பாத பிள்ளையும் எதையும் இழந்துவிடவில்லை.

ஆசை எப்போதும் மொத்தமாகப் போவதும் இல்லை. 2013-இல் சென்னையில் நம் விஸ்வநாதன் ஆனந்தை வென்று உலகச் சதுரங்கப் பட்டம் பெற்ற மேக்னஸ் கார்ல்சன், 2022-இல், இன்னொரு பட்டப் போட்டி ஆட மனம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். டிங் லிரென் கைக்குப் போன அந்தப் பட்டம், 2024 டிசம்பரில், நம் ஜொகூர்க் கடற்பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷிடம் வந்தது. கார்ல்சன் சதுரங்கத்தை விட்டாரா? இல்லை. மற்ற போட்டிகளில் ஆடிக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு அலுத்தது அந்த ஒரு பகுதி மட்டுமே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் என் மருமகளிடம் வேறு மாதிரி கேட்டேன். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்காமல், "எந்த நேரம்டி உனக்குப் பிடிக்காம போவுது?" என்றேன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஆட்டம் முடிஞ்சு கார்ல ஏறினதும், அத்த" என்றாள்.

தம்பி அவளுடைய ஒவ்வோர் ஆட்டத்தையும் ஹேண்ட்போனில் படம் பிடிப்பான். வீடு திரும்பும் வழியில், மைவி காரின் முன் இருக்கையில் உட்காரவைத்து அதை ஓடவிடச் சொல்வான். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் நெரிசல் இருந்தால் முக்கால் மணி நேரம். இங்கே கால் பின்னால் போயிருக்க வேண்டும், இங்கே ஏன் வலையில் அடித்தாய், நிறுத்து, இன்னொரு தடவை போடு. "நான் எடுத்த பாயிண்ட் வந்தா அப்பா தள்ளிவிடச் சொல்லிடுவாரு. தோத்த பாயிண்ட மட்டும்தான் பார்ப்போம். ஜெயிச்ச அன்னிக்கும் அப்படித்தான்." சர்வீஸ் போட நிற்கும்போதே அந்தக் கார் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசையும் என்றாள்.

தம்பியிடம் சொன்னேன். "அவ நல்லா வரணும்னுதானக்கா" என்றவன் மேற்கொண்டு பேசவில்லை. எழுந்து வெளியே போய்க் காரைக் கழுவ ஆரம்பித்தான். அவன் கெட்டவன் இல்லை. மிகுதி நேர வேலை பார்த்து அவளுக்கு இறகுப்பந்து வாங்கியவன். வார இறுதி என்று ஒன்று அவனுக்கு ஐந்து வருடமாக இருந்ததே இல்லை.

இந்த வருடம் பள்ளியில் வலைப்பந்து அணியில் சேர்ந்திருக்கிறாள். பூப்பந்துப் பயிற்சிக்குப் போவதில்லை; போட்டிக்குப் பெயர் கொடுக்கவும் இல்லை. ஞாயிறு மாலை மட்டும் தாமானில் உள்ள சிமெண்டுத் தளத்தில் பக்கத்து வீட்டு அக்காவோடும் இரண்டு மலாய்ச் சிறுமிகளோடும் ஆடுகிறாள். காற்று அடித்தால் பந்து எங்கோ போகும். புள்ளியை யாரும் எண்ணுவதில்லை. போன ஞாயிறு தம்பியும் வந்து வேலியோரம் நின்றான், ஹேண்ட்போன் சட்டைப் பையிலேயே இருந்தது. ஓங்கி அடித்த பந்து வேலி தாண்டிக் கால்வாயில் விழுந்தது. "இருங்க, இருங்க" என்று காற்சட்டையை மடித்துவிட்டு அவனே இறங்கி எடுத்து, ஈரம் போகச் சட்டையில் துடைத்து, அவள் பக்கம் எறிந்தான்.