குறுக்கும் முறுக்கும்: பீரலு ரேந்தை பின்னப் பழகுதல்

நமது உடுப்புகளின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் ரேந்தையைக் கடையில் யார் கணக்கில் வாங்குகிறோம். ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அலுமாரி, யன்னல், சப்பாத்து, கதிரை வந்ததைப் போல. 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டியவர்களும் அவர்களே. நமக்குச் சொல் மிஞ்சியது. கையால் ரேந்தை பின்னும் தொழில் வேரூன்றியதோ காலி, வெலிகம, திக்வெல்லைப் பக்கம். அங்கே நூல் சுற்றும் சிறு மரக்கட்டைக்குப் பீரலு என்று பெயர். அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான்.

ஊசியோ தறியோ இதற்கு வேண்டாம். இறுக்கமான தலையணையில் கோலம் வரைந்த தாளைக் குத்தி வைத்து, புள்ளிகளில் குண்டூசி ஏற்றி, அவற்றைச் சுற்றி நூலைப் பின்ன வேண்டும். தெற்கில் அந்தத் தலையணையின் நடுவே உருளை ஒன்று இருக்கும். பின்னப் பின்ன அது சுழலும். அதனால் ரேந்தை எவ்வளவு நீளமும் வளரும்.

பீரலுக்கள் எப்போதும் சோடி சோடியாகவே தொங்கும். ஒரு நூலின் இரு நுனியிலும் ஒவ்வொரு கட்டை. இரண்டு சோடியை எடுத்து, இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என எண்ணுங்கள். 2ஐ 3இன் மேலாக வைத்தால் அது குறுக்கு. 2ஐ 1இன் மேலும், 4ஐ 3இன் மேலும் வைத்தால் அது முறுக்கு. இவ்வளவுதான் முழு வித்தையும்! குறுக்கு, முறுக்கு என்று மாறி மாறிச் செய்தால் நாற்புரிச் சடை வரும். குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணி போன்ற நெருக்கமான பின்னல். நூற்றுக்கணக்கான பீரலுக்கள் தொங்கும் பெரிய வேலையிலும் கைக்குள் இருப்பது அந்த நான்குதான்.

சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எண் கட்டைக்கு உரியதல்ல, இடத்துக்கு உரியது. ஒவ்வோர் அசைவுக்குப் பின்னும் இடமிருந்து திரும்ப எண்ண வேண்டும். சாச்சியின் மகளுக்கு நான்கு பென்சில்களில் இரண்டு நிற நூல்களைக் கட்டிக் கொடுத்தேன். எந்த நூல் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததும் வாயால் எண்ணுவதை அவளே விட்டுவிட்டாள். பன் பாய் இழைக்கும் உம்மம்மாவும் எண்ணுவதில்லை.

இனி வருமானம். ஓ.எல். முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் "இது நல்ல சுயதொழில்" என்று சும்மா சொல்லிவிட எனக்கு மனமில்லை. இயந்திர ரேந்தையின் விலைக்குக் கைவேலை ஒருநாளும் இறங்க முடியாது. இறங்கினால் பின்னுபவளின் கூலிதான் போகும். கைவேலையென்று அறிந்து கேட்பவருக்கே அது விலைப்படும். ஆகவே முதல் துண்டை விற்க வேண்டாம். அது எத்தனை சாண், எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று கொப்பியில் எழுதி, துண்டையும் அதே பக்கத்தில் குத்தி வையுங்கள். யாராவது விலை கேட்டு வந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.