முடிவுறு

அன்புள்ள பேத்திக்கு,

போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். 'முடிவுறு தசமம்' என்று எதற்கு? 'முடிவுள்ள தசமம்' என்றால் போதாதா?

போதாது, கண்ணு. உறுதல் என்றால் அடைதல். வகுத்துக்கொண்டே போகிறாய், மீதி பூச்சியமானதும் கணக்கு தன் முடிவை அடைகிறது. 1-ஐ 8-ஆல் வகுத்தால் 0.125 என்று நின்றுவிடும். 3-ஆல் வகுத்தால் ஒவ்வொரு தடவையும் மீதி 1 வந்து நிற்கும். தாள் தீரும், கணக்கு தீராது.

இனி 'முடி'. ஆச்சி சந்தைக்குக் கிளம்பும்போது பார்த்திருப்பாய். சில்லறையை முந்தானை நுனியில் வைத்து, சுருட்டி, இழுத்து முடிவாள். 'காசை முடிந்தாள்', 'வேலை முடிந்தது': இரண்டிலும் அதே 'முடி'தான். பூ கட்டுகிறவர்களும் கடைசிப் பூவைத் தொடுத்ததும் நாரில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். போடாவிட்டால் சரம் நெகிழ்ந்து பூ உதிரும். முடிச்சும் முடிவும் ஒரே வேரில் கிளைத்தவை என்றே நான் நினைக்கிறேன். நார் அறுந்துபோவது முடிவல்ல. முடிச்சு விழுவதுதான் முடிவு. 'என்னால் முடியும்' என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்தான். தொடங்கியதைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறவனுக்குத்தான் 'முடியும்'!

எந்தப் பின்னம் முடியும் என்பதை வகுக்காமலே சொல்லலாம். பின்னத்தை நன்றாகச் சுருக்கிவிட்டு, கீழே உள்ள எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரி. 2-உம் 5-உம் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் முடியும். நம் தசமம் பத்தில் நிற்கிறது. பத்து என்பது 2 பெருக்கல் 5.

இதில் எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் படித்த பின்னங்களைப் பார்: கால், அரைக்கால், மாகாணி 16-இல் 1, மா 20-இல் 1, காணி 80-இல் 1, முந்திரி 320-இல் 1. 320-இல் ஆறு 2, ஒரு 5. வகுத்தால் 0.003125, சரியாக ஆறு இலக்கம். அரை, முக்கால் வரை அந்த வரிசை முழுக்க முடிவுறு தசமம்தான். மூன்றில் ஒன்றுக்கு அங்கே இடமில்லை.

முக்காணி என்பது 80-இல் 3. எத்தனை இலக்கத்தில் முடியும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு வகுத்துப் பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்,
தாத்தா