பயிர்ப் பண்புகளை விரைந்து அளத்தல்

வறட்சியைத் தாங்கும் புதிய இரகமொன்றை உண்டாக்க விரும்பும் ஆராய்ச்சியாளர், இரு இரகங்களைக் கலந்து, அவற்றின் சந்ததியில் பல நூறு வரிசைகளை வளர்க்கிறார். அவற்றுள் பயனுடையவை சிலவே. தேர்வில் பிழை நேர்ந்தால், அது பல ஆண்டுகள் கழித்து, மழை பொய்த்த பருவத்தில் உழவரின் வயலில் வெளிப்படும்.

செடி பெற்றுள்ள பரம்பரை அமைப்பு வேறு. அவ்வமைப்பு சூழ்நிலையோடு கூடி வெளிக்காட்டும் பண்புகள் வேறு. முன்னதை ஜீனமைப்பு என்றும், பின்னதைத் தோற்றவமைப்பு என்றும் கூறுவர். இவ்வேறுபாட்டை 1909இல் பெயரிட்டு விளக்கியவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி யோஹான்சன். நெல்லின் ஜீன் வரிசை 2005இல் வெளியிடப்பட்டது. இன்று ஜீனமைப்பை அறிவது எளிதாகிவிட்டது. தோற்றவமைப்பை அளப்பதே தாமதமாகிறது. ஆயிரம் செடிகளைக் கையால் அளக்கப் பல நாட்கள் ஆகும். முதல் நாள் அளந்ததைப் பத்தாம் நாள் அளந்ததோடு ஒப்பிடுதல் முறையன்று. எடை காணச் செடியை வெட்டினாலோ, அதன் பிற்கால வளர்ச்சியை அறிய வழியில்லை.

கருவிகளின் பணி

செடியைச் சிதைக்காமல், பலவற்றை ஒரே நாளில் அளப்பதே புதிய முறை. சாதாரணக் காமிரா உயரத்தையும் இலைப்பரப்பையும் கணக்கிட உதவுகிறது. வெப்பக் காமிரா இலையின் உஷ்ணநிலையைக் காட்டுகிறது. நீராவிப்போக்கு இலையைக் குளிர்விப்பதால், இலைத்துளைகள் மூடிய செடி அண்டைச் செடியைவிடச் சூடாகத் தோன்றும்.

பசிய இலை சிவப்பொளியைப் பெரிதும் உட்கொண்டு, அண்மை அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. ஒரு பயிர் அகச்சிவப்பில் 50 பங்கும் சிவப்பில் 10 பங்கும் திருப்பியனுப்புவதாகக் கொள்வோம். வேறுபாடு 40, கூட்டுத்தொகை 60. முன்னதைப் பின்னதால் வகுக்க 0.67 கிடைக்கும். பசுமை குன்றினால் இவ்வெண்ணும் குறையும்.

புது தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் இத்தகைய நிலையமொன்று 2017 அக்டோபரில் திறக்கப்பட்டது. அங்குத் தொட்டிச் செடிகள் நகரும் பட்டையின்மீது கருவிகளின் முன் கொண்டுவரப்படுகின்றன. ஐதராபாத்தை அடுத்த படான்செருவிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட்டில் லேசர் கருவி செடிகளின்மேல் நகர்ந்து இலைப்பரப்பை அளக்கிறது. தராசுகள் நீரிழப்பைக் காட்டுகின்றன.

அளவையும் பொருளும்

எண்ணைப் பெறுவது எளிது. அதன் பொருளை உணர்வதே அரிது. குளிர்ந்த இலை, ஆழ வேரூன்றி நீர் பெறும் செடியின் அடையாளமாகலாம். இருக்கும் நீரை விரைவில் செலவிட்டுவிடும் செடியின் அடையாளமாகவும் ஆகலாம். பருவ இறுதியில் மழையற்ற நிலத்தில் பின்னது மணி முற்றுமுன் வாடிவிடும். ஆகவே கருவியின் முடிவை வயல் விளைச்சலோடு ஒப்பிட்ட பின்னரே இரகத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். வெவ்வேறு மண்ணிலும் பருவத்திலும் களப்பணியாளர் எடுக்கும் குறிப்புகள் இதற்கு இன்றியமையாதவை.

பள்ளிச் சோதனை

ஒரே அளவுள்ள தொட்டிகளில் இரு இரகச் செடிகளை வளர்த்து, நீருற்றி, மண் பரப்பையும் தொட்டியையும் பிளாஸ்டிக் தாளால் மூடுக. அடியில் நீர் கசியலாகாது. ஐந்து நாட்கள் காலையில் எடை காண்க. எடைக்குறைவு ஏறக்குறைய முழுவதும் இலைவழி இழந்த நீரேயாகும். இலைகளின் உருவைக் கட்டத்தாளில் வரைந்து பரப்பைக் கணக்கிட்டு, நீரிழப்பை அதனால் வகுக்க. எந்தச் செடி சிக்கனமானது என்பதை மாணவர் தாமே கூறுவர்.