திரை மாறினால் எழுத்தும் மாறலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

அச்சிட்ட நூலை வகுப்பறையில் பிரித்தாலும் வீட்டுத் திண்ணையில் பிரித்தாலும் அதன் எழுத்து ஒரே அளவினதாகவே இருக்கும். கணினித் திரையில் தோன்றும் எழுத்தோ அத்தகையதன்று. மடிக்கணினியில் அளவாகத் தெரிந்த எழுத்து, மேசை மீதுள்ள பெரிய மானிட்டரில் இணைத்தவுடன் பூதாகாரமாய் நிற்கிறது. புரொஜெக்டரில் காட்டும்போதோ கடைசி வரிசைக்கு எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறது. இதற்குக் காரணம் யாது? இதனைச் சரிசெய்வது எவ்வாறு? இவ்விரண்டையும் நம் பாடத்தின் துணைகொண்டே ஆராய்வோம்.

அளவின் அடிப்படை

அச்சுத்தொழிலில் எழுத்தின் அளவைப் ‘பாயிண்ட்’ என்னும் அலகால் குறிப்பர். கணினியில் ஓர் அங்குலத்தின் 72இல் ஒரு பங்கே ஒரு பாயிண்ட். 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியின் திரையில் அங்குலத்திற்கு 72 பிக்சல்கள் இருந்தமையால், ஒரு பாயிண்ட்டும் ஒரு பிக்சலும் சமமாயின. விண்டோஸ் இயங்குதளம் அங்குலத்திற்கு 96 பிக்சல் என்று கணக்கு வைத்துக்கொண்டது. ஆகவே 12 பாயிண்ட் எழுத்துக்கு அது 16 பிக்சல் உயரம் ஒதுக்குகிறது.

உண்மையான திரைகளோ இக்கணக்கிற்குக் கட்டுப்படுவதில்லை. 1920 × 1080 பிக்சல் உடைய இரு திரைகளை எடுத்துக்கொள்வோம். 14 அங்குல மடிக்கணினியில் அங்குலத்திற்கு ஏறத்தாழ 157 பிக்சல். 24 அங்குல மானிட்டரில் ஏறத்தாழ 92 பிக்சல் மட்டுமே. எனவே அதே 16 பிக்சல், முன்னதில் 2.6 மி.மீ. உயரமும் பின்னதில் 4.4 மி.மீ. உயரமும் கொள்கிறது. இந்த வேறுபாட்டை ஈடுசெய்யவே ‘ஸ்கேல்’ என்னும் வசதி அமைந்துள்ளது. 150 சதவீதம் என்று வைத்தால் 16 பிக்சலுக்குப் பதில் 24 பிக்சலில் எழுத்து வரையப்படும்.

கண் காண்பது கோணத்தையே

எழுத்தின் உயரம் மட்டும் அறிந்தால் போதாது. கண்ணில் எழுத்து ஏற்படுத்தும் கோணமே அதன் தோற்ற அளவைத் தீர்மானிக்கிறது என்பதை ஒளியியலில் படித்திருக்கிறோம். உயரத்தைத் தொலைவால் வகுத்தால் அக்கோணம் ரேடியனில் கிடைத்துவிடும்.

மடிக்கணினியை 50 செ.மீ. தொலைவில் வைத்து 150 சதவீதத்தில் படித்தால், 3.9 மி.மீ. எழுத்து ஏறத்தாழ 27 நிமிடக் கோணம் தருகிறது. (ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கே ஒரு நிமிடம்.) மானிட்டரை 60 செ.மீ. தொலைவில் வைத்து 100 சதவீதத்தில் படித்தால் 25 நிமிடம். இரண்டும் கிட்டத்தட்டச் சமம் அன்றோ! 150 சதவீதத்தையே மானிட்டருக்கும் வைத்தால் 38 நிமிடமாகி, பக்கத்தில் பாதி திரைக்கு வெளியே போய்விடும். திரைக்குத் திரை ஸ்கேல் வேறாக இருக்கவேண்டியதன் காரணம் இதுவே.

மாற்றும் முறை

விண்டோஸில் ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘சிஸ்டம்’, அதில் ‘டிஸ்ப்ளே’ என்பதைத் திறக்க வேண்டும். 1, 2 என்று எண்ணிட்ட இரு கட்டங்கள் தோன்றும். எந்தத் திரையை மாற்றவேண்டுமோ அதன் கட்டத்தை முதலில் தொட்டுவிட்டு, பிறகே ‘ஸ்கேல்’ அளவை மாற்ற வேண்டும். இரு திரைக்கும் தனித்தனி அளவு வேண்டுமாயின், விண்டோஸ் விசையுடன் ‘பி’ விசையை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ முறையைத் தெரிவு செய்தல் அவசியம். ‘டூப்ளிகேட்’ முறையில் ஒரே படம் இரு திரைக்கும் செல்வதால் ஒரே அளவுதான் அமையும்.

இவ்வாறு திரைக்கொரு அளவு வைக்கும் ஏற்பாடு 2013இல் வந்த விண்டோஸ் 8.1 முதலே உண்டு. அதை அறியாத பழைய மென்பொருள்களை விண்டோஸ் படமாக இழுத்துப் பெரிதாக்குவதால் எழுத்து மங்கலாகத் தெரியும். அம்மென்பொருளை மூடித் திறந்தோ, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தோ பார்த்தால் பெரும்பாலும் சீராகும்.

எழுத்தைப் பெரிதாக்கச் சிலர் ரெசல்யூஷனைக் குறைக்கின்றனர். அது முறையன்று. இக்காலத் திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை நிலையானது. குறைத்தால் ஒரு பிக்சலின் செய்தி அண்டைப் பிக்சல்களுக்கும் பரவி, எழுத்தின் விளிம்பு கலங்கிவிடும். தமிழுக்கு இது பெருங்கேடு. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும்; சுழி கலங்கினால் ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்று தெரியாது.

கடைசி வரிசையின் கணக்கு

இனி வகுப்பறைக்கு வருவோம். 2 மீட்டர் அகலத் திரையில் 1920 பிக்சல் படம் விழுகிறது என்க. அதில் 12 பாயிண்ட் எழுத்து ஏறத்தாழ 17 மி.மீ. உயரம். 8 மீட்டர் தொலைவில் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கு அது 7 நிமிடக் கோணமே தருகிறது. எழுத்தின் வடிவம் அவ்வுயரத்தில் ஏறத்தாழப் பாதியையே நிரப்புமாதலால், காண்பது மூன்றரை நிமிடம். கண் மருத்துவர் அட்டையில் இயல்பான பார்வைக்கு உரிய 6/6 வரிசை எழுத்தே 5 நிமிடக் கோணம் உடையது! ஆகவே அங்கே படிக்க இயலாமற்போவது கண்ணின் குறையுமன்று, கவனத்தின் குறையுமன்று. 40 பாயிண்ட் எழுத்தாக இருந்தால் 24 நிமிடம் கிடைக்கும். யாவரும் இனிதே படிக்கலாம்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் பலர் இங்குண்டு. திரையில் எழுத்து தெரியாதபோது “தெரியவில்லை ஐயா” என்று எழுந்து சொல்ல நமக்கு நாக்கு எழுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் எழுதுவதைப் பார்த்து எழுதுகிறோம். ஒரு குறியீடு தவறினால் சமன்பாடே தவறிவிடுகிறது. நம் ஆசிரியர்கள் கேட்டால் மறுப்பவர்களல்லர். கடைசி வரிசையில் தெரிவது எவ்வளவு என்பது முன்னே நிற்பவருக்குப் புலப்படாது, அவ்வளவே.

ஆதலின் நான் வேண்டுவன இரண்டு. கருத்தரங்கில் பேசவிருக்கும் தோழர்கள், தொடங்குமுன் ஒருமுறை கடைசி வரிசைவரை நடந்து சென்று தம் திரையைத் தாமே படித்துப் பார்க்கட்டும். அங்கே அமர்ந்திருப்போர், தெரியாவிடில் தயங்காது கை உயர்த்தட்டும். ஸ்கேலை மாற்ற அரை நிமிடம் போதும். தவறவிட்ட பாடத்தை மீட்க அரை ஆண்டும் போதாமற்போகலாம்.