சக்கரம் முளைத்த சிங்காசனம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நேற்று இரண்டு முறை வாசித்தேன். விடுதி ஜெபக்குழுவில் ஒருவர் சுவரில் மாட்டிக் காட்டிய வரைபடம், அதில் மிருகங்களுக்கு நேரே நாடுகளின் பெயர், முத்திரைகளுக்கு நேரே வருஷங்கள். அதைப் பார்த்ததிலிருந்து மூன்று இரவாகத் தூக்கமில்லை, வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறக்கவே கை வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. உன் வயதில் எனக்கும் அது இருந்தது. கன்வென்ஷன் கூட்டம் முடிந்து வரும் வழியில் நிலா சிவந்து தெரிந்த ஒரு ராத்திரி இன்னும் எனக்கு மறக்கவில்லை.

புத்தகத்தை மூடி வைத்துவிடாதே. ஆனால் அங்கே தொடங்காதே. முதலில் கேபார் ஆற்றங்கரைக்குப் போ.

கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, யோயாக்கீன் ராஜாவையும் ஊரில் பெரியவர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். அந்தக் கூட்டத்தில் எசேக்கியேல் என்ற ஆசாரியர் இருந்தார். சிறையிருப்பின் ஐந்தாம் வருஷத்தில் அவருக்கு வானம் திறந்தது. அவருடைய புத்தகத்தின் முதல் வரியே ‘முப்பதாம் வருஷம்’ என்கிறது. எதற்கு முப்பது என்று சொல்லவில்லை. அவருடைய வயது என்று பலர் கொள்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆசரிப்புக் கூடார வேலைக்கு வருகிறவர்களின் வயது எண்ணாகமத்தில் முப்பது. பலிபீடத்தின் முன் நிற்க வேண்டிய வயதில் அவர் அந்நிய நாட்டில் கேபார் என்னும் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தார். எருசலேமுக்கு நூற்றுக்கணக்கான மைல்.

அவர் கண்டதை மெதுவாக வாசி. வடக்கிலிருந்து புயல், அக்கினி, நான்கு முகமுள்ள நான்கு ஜீவன்கள். மனுஷன், சிங்கம், எருது, கழுகு. அவற்றின் அருகே, விளிம்பெல்லாம் கண்களாக, சக்கரத்துக்குள் சக்கரம். அதற்கு மேல் பளிங்கு போன்ற விரிவு, அதற்கும் மேல் நீலரத்தினம் போன்ற சிங்காசனம். இவருக்கு முன்பே ஏசாயா, உசியா ராஜா மரித்த வருஷத்தில், சிங்காசனத்தைக் கண்டிருக்கிறார். ஆனால் அது தேவாலயத்தில் இருந்தது, வஸ்திரத் தொங்கலால் ஆலயம் நிறைந்திருந்தது. எசேக்கியேல் கண்ட சிங்காசனத்துக்குச் சக்கரம் முளைத்திருக்கிறது. ஆலயத்தை விட்டுப் பிரிக்கப்பட்ட ஒரு ஆசாரியனைத் தேடி அது பாபிலோன் வரைக்கும் வந்திருக்கிறது. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் நான் அழுதேன், மகளே.

இன்னொன்றையும் கவனி. அந்த முதல் அதிகாரம் முழுக்க ‘போல’, ‘சாயல்’, ‘ஒப்பானது’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முடிவில் மகிமையைக் கண்டேன் என்றுகூட அவர் சொல்வதில்லை. மகிமையின் சாயலுக்கு ஒப்பான தோற்றம் என்று மூன்று படி பின்னால் நின்றுதான் சொல்கிறார். கண்டவருக்கே அவ்வளவு தயக்கம். உன் ஜெபக்குழு வரைபடத்தில் காணாமல் போனது இந்தப் ‘போல’தான்.

பிற்காலத்து யூதர்கள் இந்த அதிகாரத்துக்கு மெர்காபா, அதாவது ரதம், என்று பெயரிட்டு நெருப்பைப் போலக் கையாண்டார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, தானாகவே உணரக்கூடிய ஞானி என்றாலொழிய ஒரே ஒரு மாணவனுக்குக்கூட ரதத்தை விளக்காதே என்கிறது. முப்பது வயது நிரம்பாதவர்கள் எசேக்கியேலின் தொடக்கத்தை வாசிக்க யூதர்கள் விடுவதில்லை என்று சபைப் பிதாக்களில் ஒருவரான எரோனிமுஸ் எழுதியிருக்கிறார். நான்கு ரபிகள் ‘பர்தேஸ்’ என்னும் தோப்புக்குள் நுழைந்த கதை தல்மூதில் உண்டு. பென் அசாய் பார்த்தார், மாண்டார். பென் சோமா பார்த்தார், புத்தி பேதலித்தது. எலீஷா பென் அபூயா விசுவாசத்தை விட்டுப்போனார். அகிபா ஒருவர்தான் சமாதானத்தோடு போய்ச் சமாதானத்தோடு திரும்பினார். அதற்காக அந்த அதிகாரத்தை அவர்கள் ஒளித்து வைக்கவும் இல்லை. சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் அருளப்பட்டதை நினைக்கும் பெந்தெகொஸ்தே பண்டிகையின் முதல் நாள், ஜெப ஆலயங்களில் இன்றும் அதை உரக்க வாசிக்கிறார்கள்.

எசேக்கியேலுக்கும் வெளிப்படுத்தின விசேஷம் எழுதிய யோவானுக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருப்பதாக வேதப்புத்தகத்தை மட்டும் வைத்து நினைத்துவிடுவோம். அப்படி இல்லை. ஏனோக்கின் புத்தகத்தில் ஏனோக்கு வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார்; நெருப்பாய்ச் சுட்டு, பனியாய்க் குளிரும் ஒரு வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டே போய், சூரியனைப் போன்ற சக்கரங்களுள்ள சிங்காசனத்தைக் காண்கிறார். எத்தியோப்பிய சபை மட்டுமே அதை வேதமாகக் காப்பாற்றி வைத்திருந்தது. சவக்கடல் ஓரக் கும்ரான் குகைகளில் அதன் அரமேய மூலத்தின் துணுக்குகள் கிடைத்தபோதுதான் அதன் பழமை உறுதியானது. அதே குகைகளில் பதின்மூன்று ஓய்வுநாட்களுக்கான பாடல் தொகுப்பு ஒன்றும் இருந்தது. வானத்து ஆலயத்தில் தூதர்கள் ஆராதிப்பதை வாரம் வாரமாக, உள்ளே உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் பாடல்கள். எருசலேம் ஆசாரியர்களோடு முறித்துக்கொண்டு வனாந்தரத்தில் குடியேறியவர்கள் அவற்றைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். கீழே ஆலயம் கைவிட்டுப் போனவர்களுக்கு மேலே ஒரு ஆலயம்.

கி.மு. 167-ல் நான்காம் அந்தியோகு என்ற ராஜா எருசலேம் ஆலயத்திலேயே அந்நிய பலிபீடம் வைத்தான். தானியேலின் தரிசனங்கள் இன்றைய வடிவம் பெற்றது அந்த வருஷங்களில்தான் என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. உன் சபையில் இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், அவர்களோடு சண்டைக்குப் போகாதே. தானியேல் ஏழாம் அதிகாரத்தில் சமுத்திரத்திலிருந்து ஏறிவரும் நான்கு மிருகங்களைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்த அதிகாரத்தின் நடுவில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று பார். நீண்ட ஆயுசுள்ளவரின் சிங்காசனம், எரிகிற நெருப்பான சக்கரங்களோடு.

பிறகு கி.பி. 70. ரோமர்கள் ஆலயத்தை எரித்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில், பத்மு தீவில் யோவான் எழுதுகிறார். முதல் மூன்று அதிகாரங்கள் ஏழு சபைகளுக்கு. நான்காவதில் வானத்தில் ஒரு வாசல் திறக்கிறது, உள்ளே சிங்காசனம். முத்திரையோ எக்காளமோ மிருகமோ எதுவும் வருவதற்கு முன்னால் அதைக் காட்டிவிடுகிறார். எசேக்கியேலின் நான்கு முகங்களும் ஏசாயா கண்ட சேராபீன்களின் ஆறு சிறகுகளும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அவர் புதிதாக ஒன்றும் கற்பனை செய்யவில்லை; தலைமுறை தலைமுறையாக அவருடைய ஜனங்கள் ஏறிப் போன அதே படியில் அவரும் ஏறினார். இந்தத் தரிசன மரபு எங்கிருந்து எங்கே பாய்ந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு உண்டு. கெர்ஷோம் ஷோலெம் 1941-ல் வெளியிட்ட நூலில் இதை ஒரே நீரோட்டமாகக் கண்டார். பின்வந்தவர்களில் பேட்டர் ஷேஃபர் போன்றவர்கள் அவ்வளவு நேர்கோடாக இழுக்க முடியாது என்கிறார்கள். எனக்கு அந்த வழக்கைவிட முக்கியமாகப் படுவது, ஆலயம் பறிபோன ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அண்ணாந்து பார்த்துச் சிங்காசனம் காலியாகவில்லை என்று எழுதியிருக்கிறார் என்பதுதான். அதை எழுதியவர்கள் பயமுறுத்த எழுதவில்லை. பயந்து கிடந்தவர்களுக்கு எழுதினார்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் என்ற தலைப்பைப் பார். ‘விசேஷம்’ என்று நம் ஊரில் எதைச் சொல்கிறோம்? கிரேக்கத்தில் அதன் பெயருக்குப் பொருள் திரை விலக்குதல். அழிவு என்ற பொருள் அதற்குப் பிற்பாடு ஒட்டியது.

தரிசனம் முடிந்ததும் எசேக்கியேல் என்ன செய்தார் என்பதும் எழுதியிருக்கிறது. தேலாபீபில் இருந்த சிறைப்பட்டவர்களிடம் போய், அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏழு நாள் பிரமித்து உட்கார்ந்திருந்தார். உன் குழுவில் அந்த வரைபடத்தைப் பார்த்துத் தூங்காத வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் போனை அணைத்துவிட்டு நான்கு அதிகாரங்களைச் சத்தமாக வாசி. ஏசாயா 6, எசேக்கியேல் 1, தானியேல் 7, வெளிப்படுத்தின விசேஷம் 4. பென்சில் வைத்துக்கொண்டு சக்கரம் வரும் இடங்களில் கோடு போடு. முதலாவதில் இருக்காது, அடுத்த இரண்டில் இருக்கும், யோவானிடம் மறுபடி இருக்காது. சக்கரத்தின் விளிம்பில் இருந்த கண்கள் மட்டும் ஜீவன்களின் மேல் வந்திருக்கும். அந்தச் சக்கரங்கள் எங்கே போயின என்று நீ எழுது. எனக்கு ஒரு எண்ணம் உண்டு, உன்னுடையதைப் படித்த பிறகு சொல்கிறேன்.

உன் அன்புச் சித்தப்பா