ஆங்கிலப் பன்மையில் எதைத் தெரிந்தெடுப்பது?

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் ரயில் பாதையிலுள்ள எங்கள் எரியோட்டில், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலப் பன்மைகளைக் கற்கும் விதத்தைக் காணும்போதெல்லாம், பாதி நாகரிக மோகத்தாலும் பாதி பெற்றோரின் நிர்ப்பந்தத்தாலும் அவர்கள் வேண்டாத வழியையே தேடிப் போகிறார்களே என்று மனம் வருந்துகிறது.

மென், சில்ட்ரன், ஃபீட், டீத், மைஸ், ஆக்ஸன் போன்ற புராதன வடிவங்களில் தெரிந்தெடுக்க ஒன்றுமில்லை. உள்ளபடி மனனம் செய்ய வேண்டியதுதான். ஷீப், டீர், சீரீஸ் ஆகியவை இரண்டிடத்தும் உருமாறாதவை. நன்னூலில் பால்பகா அஃறிணைப் பெயரைப் படித்த பிள்ளைக்கு இதில் சிரமம் இராது. ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் என்பவற்றுக்குப் பன்மை விகுதியே கூடாது. நம் பக்கத்து விடைத்தாள்களில் நான் மிகுதியாகத் திருத்துவது இதைத்தான்.

ஆனால் யாரும் அஞ்சாமல் போய் விழும் படுகுழி லத்தீன் மோகம். 'அஸ்' என்று முடியும் சொல்லைக் கண்டவுடன் அதை 'ஐ' என்று முடிப்பதே பாண்டித்தியம் என நம்பி, தடித்த பட்டியல் புத்தகமொன்றை வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு வந்த உறவினர் முன்னிலையில் மகனை 'ஆக்டோபை' என்று ஒப்பிக்கச் சொல்லும் தகப்பனார்களை நான் நன்கு அறிவேன். ஆக்டோபஸ் கிரேக்க வழிச் சொல். அந்த லத்தீன் விகுதி அதற்கு உரியதன்று. 1926-இல் வெளிவந்த ஃபௌலரின் பிரயோக அகராதியே அவ்வடிவத்தைத் தவறென்று ஒதுக்கிவிட்டது. ஸென்ஸஸ் லத்தீனிலேயே வேறொரு வாய்பாட்டைச் சேர்ந்தது. இக்னொரேமஸ் லத்தீனில் பெயர்ச்சொல்லே அன்று, 'நாங்கள் அறியோம்' என்னும் வினைமுற்று. எங்கள் கடைவீதியில் வந்து நிற்கும் பஸ்ஸும் அப்படியே: 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் ஆம்னிபஸ்ஸின் கடைக்கூறு அது, நான்காம் வேற்றுமைப் பன்மையாக முன்பே நிற்கும் அச்சொல்லின்மேல் லத்தீன் பன்மை எவ்வாறு ஏறும்? இவை அனைத்துக்கும் சாதாரண ஆங்கில விகுதியே போதும்.

இரு வடிவமும் வழங்கும் இடத்தில் பொருளைப் பார்க்க வேண்டும். பூச்சியின் உணர்கொம்புகள் ஆன்டெனீ, வானொலிக் கம்பிகள் ஆன்டெனாஸ். கணிதத்தின் அடுக்குகள் இன்டிஸீஸ், புத்தகத்தின் சொல்லடைவுகள் இன்டெக்ஸஸ். ஃபார்முலா, ஸிலபஸ் இரண்டிலும் ஆங்கில விகுதியையே நான் விரும்புகிறேன். க்ரைட்டீரியா, ஃபினாமினா என்பன மட்டும் பன்மை வடிவங்களே. அவற்றின்முன் 'ஒரு' சேர்ப்பது பிழை.

பிள்ளைகளின் சுபாவம் ஒருபடித்தானதன்று. ஒருவனுக்குச் செவி கூர்மை, இன்னொருவனுக்குக் கை எழுதினால்தான் மனம் பதியும். அவரவர் இயல்பறிந்து, தினமும் ஒரு பக்கம் நல்ல ஆங்கிலத்தை உரக்க வாசிக்கச் செய்து, பொறுமையோடு ஓராண்டு காத்திருக்கும் பெற்றோருக்குப் பட்டியல் புத்தகம் தேவைப்படாது. சந்தேகம் வந்தால் அகராதியில் முதலில் அச்சிட்டுள்ள வடிவத்தை எடுத்துக்கொள்ளட்டும்; கட்டுரையின் தொடக்கத்தில் எழுதிய பன்மையை நடுவில் மாற்றாதிருக்கட்டும்.